பெயரைப் பார்ப்பது யார்? உண்டியல் முதல் நெஃப்ட் வரை

2023 அக்டோபரில் ஒரு நாள். பி பிளாக்கில் குடியிருக்கும் மூத்த உறுப்பினர் ஒருவர் நம் சங்க அலுவலகத்துக்கு வந்தார். கணவர் காலமான பிறகு வங்கி வேலைகளையெல்லாம் கைபேசியிலேயே செய்யப் பழகிக்கொண்டவர். அரையாண்டுப் பராமரிப்புக் கட்டணம் 21,600 ரூபாயை ஜூலையிலேயே நெஃப்ட்டில் அனுப்பிவிட்டதாகச் சொன்னார். சங்கக் கணக்கில் வரவில்லை. வராததால் நாங்கள் இரண்டு நினைவூட்டுக் கடிதம் அனுப்பி, தாமதக் கட்டணமும் சேர்த்து, நிலுவைப் பட்டியலில் அவர் வீட்டு எண்ணைப் போட்டு லிஃப்ட் பக்கத்தில் ஒட்டியிருந்தோம். அப்போது நான் செயற்குழுவில் இருந்தேன். அந்தப் பட்டியலில் என் கையெழுத்தும் இருந்தது.

அவர் கைபேசியில் பணம் அனுப்பிய விவரத்தைத் திறந்து பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. சங்கத்தின் கணக்கு எண்ணில் பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இரண்டு இடம் மாறியிருந்தன. பெயர் என்ற கட்டத்தில் நம் சங்கத்தின் முழுப் பெயர், ஒரு எழுத்துப் பிழையில்லாமல். பணம் எங்கோ முகம் தெரியாத ஒருவரின் கணக்கில் உட்கார்ந்திருந்தது.

“பேரைச் சரியாத்தானே சார் போட்டிருக்கேன்? சங்கத்துக்குன்னு எழுதின பணத்தை எவரோ ஒருத்தர் கணக்குல எப்படிப் போட்டாங்க?” என்று கேட்டார்.

இரண்டரை மாதம் அலைந்து, அந்த முகம் தெரியாதவர் சம்மதித்து, இரண்டு தவணையில் பணம் திரும்பி வந்தது. தாமதக் கட்டணத்தை ரத்து செய்தோம், பட்டியலைக் கிழித்தோம், மன்னிப்பும் கேட்டோம். ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு, முப்பத்தைந்து வருடம் வங்கியில் வேலை பார்த்த நான், அன்று ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. “இப்போ ரூல் அப்படிம்மா” என்று முடித்துக்கொண்டேன். அந்த ரூல் எப்படி வந்தது, அதற்கு முன் பெயரைப் பார்த்தது யார், இனிமேல் பார்க்கப்போவது யார் என்ற கதையை இங்கே எழுதுகிறேன்.

ஆளைத் தெரிந்தவர் பொறுப்பு

இன்று உண்டியல் என்றால் கோயிலில் காணிக்கை போடும் பெட்டி நினைவுக்கு வரும். வணிகர்களுக்கு அந்தச் சொல் வேறு ஒன்றைக் குறித்தது. ஓர் ஊரில் பணத்தைக் கட்டி, இன்னோர் ஊரில் வாங்கிக்கொள்ள எழுதித் தரும் சீட்டுதான் உண்டியல். வடக்கே ஹுண்டி என்பார்கள். ரங்கூன், பினாங்கு, கொழும்பு என்று கடை வைத்திருந்த நாட்டுக்கோட்டை நகரத்தார்கள் பணத்தைக் கடல் தாண்டி நகர்த்தியது பெரும்பாலும் இந்தச் சீட்டுகளால்தான்.

சீட்டைக் கொண்டுவருபவர் உண்மையில் உரியவர்தானா என்ற கேள்வி அப்போதே இருந்தது. அதற்கு அவர்கள் கண்ட வழி சுவையானது. ஷாஜோக் என்று ஒரு வகை உண்டி. அதற்குரிய பணத்தை ‘ஷா’ ஒருவரிடம் மட்டுமே கொடுக்கலாம். ஷா என்றால் கடைவீதியில் நான்கு பேருக்குத் தெரிந்த, நாணயமான வணிகர். உங்களுக்கு வரவேண்டிய பணமானாலும், அப்படி ஒருவர் வழியாகத்தான் வாங்க முடியும். பின்னால் அது திருட்டுச் சீட்டு என்றோ போலிச் சீட்டு என்றோ தெரிந்தால் அந்த ஷா பணத்தைத் திருப்பித் தர வேண்டும். நாம்ஜோக் என்ற வகையில், பெயர் குறிப்பிட்டவருக்கு மட்டுமே பணம். ஜவாபி என்ற வகையில், பணம் வாங்கியவர் ‘கிடைத்தது’ என்று பதில் எழுதித் தர, அது அனுப்பியவருக்குப் போய்ச் சேரும்.

மூன்றிலும் அடிப்படை ஒன்றுதான். ஆளைத் தெரிந்தவர் ஒருவர் நடுவில் இருப்பார். தப்பு நடந்தால் அவர் தலையிலும் பாரம் விழும்.

லண்டனில் ஒரு திருடன்

காசோலை வந்தபோது இதே கேள்வி நீதிமன்றம் ஏறியது. 1914ல் லண்டனில் முடிவான ‘லாட்புரோக் எதிர் டாட்’ வழக்கு, வங்கித் தேர்வு எழுதியவர்கள் எல்லோருக்கும் பாடம். பந்தய நிறுவனம் ஒன்று ஒரு மாணவர் பெயருக்குக் கோடிட்ட காசோலை எழுதித் தபாலில் அனுப்பியது. வழியில் அது திருடு போனது. திருடன் ஒரு வங்கியாளரிடம் போய், தானே அந்த மாணவர் என்று சொல்லிப் புதுக் கணக்கு தொடங்கி, காசோலையைப் போட்டு, பணத்தையும் எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

வங்கியாளர் யாரையும் ஏமாற்றவில்லை. காசோலையில் இருந்த பெயரும் கணக்கில் இருந்த பெயரும் ஒன்றாகவே இருந்தன. ஆனாலும் நீதிமன்றம் அவரைத்தான் பொறுப்பாக்கியது. வந்தவர் யார் என்று ஒரு வார்த்தை விசாரிக்காமல் கணக்கு தொடங்கியது கவனக்குறைவு என்றது.

நம் நாட்டில் 1881ஆம் ஆண்டின் செலாவணி முறிச் சட்டத்திலும் இதே கருத்து உண்டு. அதன் 131ஆவது பிரிவின்படி, கோடிட்ட காசோலையை வசூலித்துத் தரும் வங்கிக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைக்க வேண்டுமானால், அது நல்லெண்ணத்தோடும் கவனக்குறைவு இல்லாமலும் நடந்திருக்க வேண்டும். இந்த ஒரு நிபந்தனைக்குப் பயந்துதான் நம் வங்கிகளில் அறிமுகக் கையெழுத்து முறை வேரூன்றியது.

நம்மில் அறுபது வயது தாண்டியவர்களுக்கு அது நினைவிருக்கும். கணக்கு தொடங்க வேண்டுமானால் ஏற்கெனவே கணக்கு வைத்திருக்கும் ஒருவர் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரையோ ஆபீஸ் நண்பரையோ கூட்டிக்கொண்டு கிளைக்கு நடப்போம். சில நாள் கழித்து, அறிமுகப்படுத்தியவர் வீட்டுக்கு வங்கியிலிருந்து ஒரு நன்றிக் கடிதம் வரும். பலர் அதை மரியாதை என்று நினைத்தார்கள். உண்மையில் அது ஒரு சோதனை. அவர் பெயரில் யாரோ பொய்க் கையெழுத்துப் போட்டிருந்தால், “நான் யாரையும் அறிமுகம் செய்யலையே” என்று அவர் ஓடிவருவார் அல்லவா?

நான் 1981ல் வேலையில் சேர்ந்த கும்பகோணம் கிளையில், ஒரே தலைப்பெழுத்தும் ஒரே பெயருமாக இரண்டு வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். லெட்ஜரில் ஒருவர் பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் ‘பாத்திரக்கடை’ என்றும், இன்னொருவர் பக்கத்தில் ‘பள்ளிக்கூடம்’ என்றும் மூத்த எழுத்தர் குறித்துவைத்திருந்தார். காசோலையில் இருக்கும் பெயர், சலானில் இருக்கும் பெயர், லெட்ஜரில் இருக்கும் பெயர் மூன்றும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துத்தான் வரவு வைப்போம். ஓர் எழுத்து மாறினால் எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்ப்போம். தெரிந்த முகமாக இருந்தால் போடுவோம்; இல்லாவிட்டால் மேலாளர் அறைக்கு அனுப்புவோம். மெதுவான முறைதான். ஆனால் பெயரை யாரோ ஒருவர் படித்தார்.

எண் வந்தது, பெயர் ஒதுங்கியது

1980களில் காசோலையின் அடியில் காந்த மையில் எண்கள் அச்சாகி வந்தன. எம்.ஐ.சி.ஆர். எனப்படும் அந்த ஒன்பது இலக்கத்தில் முதல் மூன்று ஊரையும், அடுத்த மூன்று வங்கியையும், கடைசி மூன்று கிளையையும் குறிக்கும். சென்னைக்கு 600. எண்ணை இயந்திரம் படிக்கத் தொடங்கிய காலம் அது. 1990களில் ஈ.சி.எஸ். வந்து, பங்காதாயமும் வட்டியும் காகிதமே இல்லாமல் கணக்கில் விழுந்தன. 2004 மார்ச்சில் ஆர்.டி.ஜி.எஸ்.; 2005 நவம்பரில் நெஃப்ட். பதினோரு எழுத்துக்கள் கொண்ட ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடு வீட்டுக்கு வீடு பழக்கமானது.

அப்போதும் விதி என்னவோ பழையதுதான். பணம் வந்து சேரும் வங்கி, பெயரையும் கணக்கு எண்ணையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே வரவு வைக்க வேண்டும் என்பதுதான் பொதுவான எதிர்பார்ப்பு. ஆனால் நம் பெயர்கள் அதற்கு ஒத்துழைக்கவில்லை.

சுப்பிரமணியன் என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் எழுதும்போது ஒருவர் ஒரு ‘பி’ போடுவார், இன்னொருவர் இரண்டு போடுவார். நடுவில் ‘ஐ’ இருக்கலாம், இல்லாமலும் போகலாம். முடிவில் ‘என்’ ஆகவும் இருக்கும், ‘எம்’ ஆகவும் இருக்கும். தலைப்பெழுத்து முன்னால் வரும், பின்னால் வரும். பாஸ்போர்ட் எடுத்த பிறகு அப்பாவின் முழுப் பெயராகவே நீளும். அனுப்புகிறவர் ‘மணி மாமா’ என்று மட்டும் போட்டாலும் வியப்பில்லை. மனித எழுத்தருக்கு இது ஒரே ஆள். கணினிக்கு இவர்கள் பத்துப் பேர். பெயர் பொருந்தவில்லை என்று பணம் நடுவழியில் நிற்கும். கையால் பார்த்துத் தீர்க்க ஆள் வேண்டும். அல்லது பணம் திரும்பிப் போய்விடும்.

இதற்கு முடிவு கட்டியது ரிசர்வ் வங்கி 2010 அக்டோபர் 14 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை. இந்தியாவில் பெயர்களைப் பல விதமாக எழுதுவதால் ஒப்பிடுவது மிகக் கடினம் என்று அது வெளிப்படையாகவே சொன்னது. இனிமேல் பெயரை எழுதுவது கட்டாயம். ஆனால் வரவு வைப்பதற்கு வங்கி நம்ப வேண்டியது கணக்கு எண்ணை மட்டுமே. எண்ணைச் சரியாகத் தரும் பொறுப்பு அனுப்புகிறவருடையது.

பி பிளாக் உறுப்பினர் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். அவர் எழுதிய பெயரை ஒருவரும் படிக்கவில்லை. படிக்க வேண்டிய அவசியமும் வங்கிக்கு இல்லை. அவர் அடித்த எண்ணில் கணக்கே இல்லாமல் இருந்திருந்தால் பணம் தானாகத் திரும்பியிருக்கும். துரதிர்ஷ்டம், அந்த எண்ணில் ஒரு கணக்கு இருந்தது.

வங்கித் திரையில் கணக்கு எண்ணை இரண்டு முறை கேட்பார்கள், கவனித்திருப்பீர்கள். முதல் முறை அடிக்கும்போது எண்கள் புள்ளியாக மறைந்துவிடும். “எதுக்கு இந்தத் தொந்தரவு?” என்று சலித்துக்கொள்வோம். அதுவும் அதே சுற்றறிக்கை சொன்ன யோசனைதான். பெயரைப் பார்க்கும் எழுத்தர் இருந்த இடத்தில் அந்தப் புள்ளிகள் வந்து உட்கார்ந்தன. நம்மில் பலர் முதல் கட்டத்தில் இருந்து இரண்டாவது கட்டத்துக்கு அப்படியே நகலெடுத்து ஒட்டப் பார்க்கிறோம். சில செயலிகள் அதைத் தடுப்பதன் காரணம் இப்போது புரியும்.

அந்த முடிவைத் தவறு என்று நான் சொல்லமாட்டேன். அது இல்லாமல் இன்றைய வேகம் வந்திருக்காது. 2019 டிசம்பரில் நெஃப்ட்டும், 2020 டிசம்பரில் ஆர்.டி.ஜி.எஸ்ஸும் இருபத்து நாலு மணி நேரமும் ஓடத் தொடங்கின. நள்ளிரவில் வரும் பணத்தின் பெயரை எந்த எழுத்தர் உட்கார்ந்து ஒப்பிடுவார்? ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அன்று ஷாவின் தலையிலும், அதன் பிறகு வங்கியின் தலையிலும் இருந்த பாரம், அந்தச் சுற்றறிக்கையோடு நம் விரல் நுனிக்கு வந்துவிட்டது. திரையின் அடியில் பொடி எழுத்தில் வரும் எச்சரிக்கை சொல்வது அதைத்தான். யாரோ நமக்குத் தெரியாமல் பணத்தை எடுத்தால் வாடிக்கையாளரைக் காக்க 2017ல் ரிசர்வ் வங்கி விதி கொண்டுவந்தது. நாமே தவறான எண்ணுக்கு அனுப்பிய பணத்துக்கு அந்தப் பாதுகாப்பு பொருந்தாது.

ஒரு ரூபாய் சொல்லும் பெயர்

பெரிய நிறுவனங்கள் இந்த ஓட்டையை முன்பே உணர்ந்தன. அதனால்தான் எதற்கெடுத்தாலும் பெயர் அச்சிட்ட கேன்சல்டு காசோலை கேட்டார்கள். கணக்கு உங்களுடையதுதான் என்பதற்கு அந்த ஒரு தாள்தான் சாட்சி.

2010 நவம்பரில் ஐ.எம்.பி.எஸ். வந்தபோது இன்னொரு வழி பிறந்தது. அதில் பணம் உடனே போய்ச் சேரும். சேர்ந்த செய்தியோடு, அந்தக் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்ற விவரமும் திரும்பி வரும். ஒரே ஒரு ரூபாயை அனுப்பிப் பார்த்தால் போதும், கணக்கு உயிரோடு இருக்கிறதா, உரியவர் பெயர் என்ன என்று தெரிந்துவிடும். ‘பென்னி டிராப்’ என்பது இதுதான். காப்பீட்டு நிறுவனமோ மியூச்சுவல் ஃபண்டோ திடீரென்று உங்கள் கணக்கில் ஒரு ரூபாய் போட்டால் பயப்படாதீர்கள். கதவைத் தட்டிப் பார்க்கிறார்கள். 2023 அக்டோபரில் தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் பணம் எடுக்க இந்தச் சோதனையைக் கட்டாயமாக்கினார்கள். 2025 ஏப்ரலில் வருங்கால வைப்பு நிதி அமைப்பு, பணம் கேட்டு விண்ணப்பிக்கும்போது காசோலைப் படத்தை இணைக்கத் தேவையில்லை என்று அறிவித்தது. கணக்கை இணைக்கும்போதே பெயரைச் சரிபார்த்துவிடுவதுதான் காரணம்.

சாதாரண மக்களுக்குப் பெயரைத் திரும்பக் காட்டியது 2016ல் வந்த யு.பி.ஐ. எண்ணை அடித்ததும், கியூ.ஆர். அட்டையைக் காட்டியதும், பணம் போகும் முன்பே பெயர் வந்து நிற்கும். “முருகேசன்னு வருதுங்க, சரியா?” என்று காய்கறி வண்டிக்காரரிடம் கேட்கிறோம். கும்பகோணம் கிளையில் நான் செய்த வேலையை இன்று தெருவில் எல்லோரும் செய்கிறார்கள். அங்கேயும் ஏமாற்று நுழைந்தது: கடைக்காரர் அட்டையின் மேல் வேறு அட்டையை ஒட்டுவது, செல்லப்பெயரைக் காட்டி மயக்குவது. அதனால் 2025ல் தேசியக் கொடுப்பனவுக் கழகம், வங்கிக் கணக்கில் பதிவான பெயரை மட்டுமே செயலிகள் காட்ட வேண்டும் என்று உத்தரவிட்டது.

2025 ஏப்ரல் 1

பெரிய தொகைகள் போகும் நெஃப்ட்டிலும் ஆர்.டி.ஜி.எஸ்ஸிலும்தான் இருட்டு நீடித்தது. இது நம் நாட்டுக்கு மட்டுமான குறை இல்லை. பிரிட்டனிலும் எண்ணை மட்டுமே பார்த்துப் பணம் போட்டார்கள். மோசடிகள் பெருகிய பிறகு 2020ல் அங்கே ஆறு பெரிய வங்கிக் குழுமங்கள் பெயர் சரிபார்ப்பைக் கொண்டுவந்தன. அங்கே ‘பொருந்துகிறது’, ‘ஏறக்குறையப் பொருந்துகிறது’, ‘பொருந்தவில்லை’ என்று பதில் வரும். யூரோ நாடுகளில் 2025 அக்டோபரில் இதைக் கட்டாயமாக்கினார்கள்.

நம் ரிசர்வ் வங்கி 2024 டிசம்பர் 30 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையில், 2025 ஏப்ரல் 1க்குள் எல்லா வங்கிகளும் இந்த வசதியைத் தர வேண்டும் என்றது. கணக்கு எண்ணையும் ஐ.எஃப்.எஸ்.சி.யையும் அடித்தால், அந்த வங்கியின் பதிவேட்டில் இருக்கும் பெயர் திரையில் வரும். கட்டணம் கிடையாது. இணைய வங்கி, கைபேசிச் செயலி இரண்டிலும் உண்டு. கிளைக்கு நேரில் போய் அனுப்புகிறவர்களும் கேட்கலாம்.

கவனியுங்கள்: பிரிட்டனில் பெயர் பொருந்துகிறதா என்று கணினி தீர்ப்பு சொல்கிறது. இங்கே பெயரைக் காட்டுகிறார்கள், தீர்ப்பு நம்முடையது. சுப்பிரமணியனின் பத்து வடிவங்களைக் கணினியை விட நாம் நன்றாக அறிவோம் என்பதால் இது நல்லதுதான். ஆனால் பாரம் நம்மை விட்டு இறங்கவில்லை. ஏதோ காரணத்தால் பெயர் வராவிட்டால், அனுப்புவதா வேண்டாமா என்பதும் நம் முடிவே. பிரிட்டனில் 2024 அக்டோபர் முதல், மோசடிக்காரர்களின் பேச்சை நம்பி வாடிக்கையாளர் அனுப்பிய பணத்தை, ஒரு வரம்பு வரைக்கும், அனுப்பிய வங்கியும் பெற்ற வங்கியும் சரிபாதியாக ஈடுகட்ட வேண்டும். பழைய ஷாவின் பொறுப்பு அங்கே வேறு உருவில் திரும்பியிருக்கிறது. இங்கே கண் மட்டும் கிடைத்திருக்கிறது. அதுவும் பெரிய உதவிதான். திறந்து பார்க்க வேண்டும்.

நம் குடியிருப்புக்கு

ஆகவே சில வேண்டுகோள்கள். பராமரிப்புக் கட்டணம் அனுப்பும்போது திரையில் வரும் பெயரை முழுவதும் படியுங்கள். சங்கத்தின் பதிவுப் பெயரும் நம் வாசலில் இருக்கும் பலகைப் பெயரும் ஒன்றல்ல என்பதால், வங்கியில் பதிவான பெயரை எழுத்து மாறாமல் ஒவ்வொரு ரசீதிலும் அச்சிடுமாறு செயற்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். முன்பே சேர்த்துவைத்த பயனாளிகளையும் ஒரு முறை சரிபாருங்கள். பழைய பட்டியலில் பழைய பிழை தூங்கிக்கொண்டிருக்கலாம்.

பொருளாளருக்கு ஒரு வார்த்தை. “எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி புதுக் கணக்குக்கு அனுப்பவும்” என்று லிஃப்ட் நிறுவனத்தின் பெயரிலோ பெயின்ட் ஒப்பந்ததாரர் பெயரிலோ மின்னஞ்சல் வந்தால், திரையில் வரும் பெயரைப் பாருங்கள். பிறகு நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் எண்ணில் கூப்பிட்டுக் கேளுங்கள். கடிதத்தில் கொடுத்திருக்கும் எண்ணில் வேண்டாம். பணம் தவறிப் போனது தெரிந்தால் அன்றே உங்கள் வங்கிக்கு எழுத்தில் கொடுங்கள். மோசடி என்றால் 1930ஐ அழையுங்கள்.

கடைசியாக, நமக்கு நாமே ஒன்று. யாருடைய கட்டணமாவது வரவில்லை என்றால், பட்டியல் ஒட்டுவதற்கு முன்னால் கதவைத் தட்டி, “அனுப்பினீங்களா, எந்த எண்ணுக்கு அனுப்பினீங்க?” என்று கேட்போம். 2023ல் நான் அதைச் செய்திருந்தால், ஒரு மூத்த பெண்மணி மூன்று வாரம் லிஃப்ட்டைத் தவிர்த்துப் படியேறி இருக்கமாட்டார்.